பூத்த கறுப்புக் கோதுமை

1936, ஆடி மூன்றாம் தேதி, காலை ஆறேகால் மணி. வானம் மூடிக்கிடந்தது, தூறல் இல்லை. பாகூரில் எங்கள் நிலத்து வரப்பில் நின்று உள்ளங்கை விதைகளை எண்ணினேன்: அறுபத்திரண்டு. மூன்று பட்டையாய்ச் செதுக்கியது போன்ற கறுப்பு விதை. புதுச்சேரியில் விவசாய அதிகாரியாக இருந்த பிரெஞ்சுக்காரர் ஒரு சாக்கு கொடுத்திருந்தார். கறுப்புக் கோதுமையாம். அவர் ஊரில் மாவாக்கித் தோசைபோல் சுடுவார்களாம்; பூத்ததும் மடக்கி உழுதால் நிலத்துக்கு நல்ல தழையுரமாம். எனக்கு வேண்டியது தழைதான். தோசையைப் பற்றி மைத்துனனிடம் முதலில் சொன்னதுதான் நான் செய்த தவறு.

என் மனைவியின் தம்பியான அவன்தான் பயிர் வைத்தான். அந்த ஒரு காணி நெல்லைத்தான் இரண்டு வீட்டிலும் ஒன்பது பேர் வருஷம் முழுக்கச் சாப்பிட்டோம். ஆகவே நாள் குறித்துக் கொடுத்திருந்தேன்: விதைத்து முப்பத்தைந்தாம் நாள் உழவு, பத்து நாள் அழுக விடுவது, பிறகு சம்பா நடவு.

முப்பத்தைந்தாம் நாள் வயல் வெள்ளையாகப் பூத்து நின்றது. ஏரைக் காணோம்.

"இன்னா மாமா, சாப்பிடுற தானியம்னு நீங்கதான சொன்னீங்க? பூத்து நிக்கிறத மாட்டு காலுல மிதிக்க வுட்டா வூடு விளங்குமா?" என்றான்.

"வருஷா வருஷம் தழைக்குச் சணப்பையைப் பூவோடு உழுகிறவன்தானடா நீ!"

"சணப்பைய யாரு துன்றா?"

எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. கூலிக்கு வந்தவர்களும் அவன் பக்கமே நின்றார்கள். கீழே காய் கறுக்கக் கறுக்க, மேலே பூ வந்துகொண்டே இருந்தது. வெயிலில் பாதிப் பூ கருகியது. "இன்னும் நாலு நாளு மாமா" என்று ஏழு முறை சொன்னான். ஏரித் தண்ணீர் வந்து, பக்கத்து வயல்களில் நடவு முடிந்தது. எங்கள் நாற்று நாற்றங்காலிலேயே முற்றியது. புரட்டாசி பதினெட்டில் அறுத்தோம். கண்டது ஐந்து படி. முற்றிய நாற்றையே நட்டோம்.

மனைவி அதில் தோசை சுட்டாள். ஒரு விள்ளல் மென்றுவிட்டு, "எருமத் தோலு மாதிரி இருக்குது. இதுக்கா மாமா இந்தப் பாடு?" என்றான். என்னைக் கேட்டான்!

அவன் இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. அந்த விதையில் ஒரு பிடியைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பூச்சி தின்றது போக முப்பத்தொன்பது மிச்சம். எண்ணும்போதெல்லாம் அவனோடு சண்டைதான். தழைக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் அன்றே ஏர் பூட்டியிருப்பான். நாற்பது கலம் கண்டுவந்த காணியில் அந்தத் தை மாதம் வந்தது இருபத்து மூன்று. போனது பதினேழு கலம் நெல். இரண்டு வீட்டுக்கும் ஐந்து மாதச் சோறு.