மீன்முள் கூரை

பேய் என்றால் நடுராத்திரி, வெள்ளைப் புடவை என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில், போன மார்ச் மாதம், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. தயவுசெய்து சாப்பிட்டுக்கொண்டே மட்டும் படிக்காதீர்கள். எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது.

ஸாதனா கட்டுமானப் பொறியாளர். பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண். மீனைத் தொட்டதுகூட இல்லை. அப்படிப்பட்டவள்தான் அந்தப் புதிய நீச்சல் அரங்கின் கூரையை மீன் எலும்புக்கூட்டைப் பார்த்து வரைந்தாள். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய நெய்மீனின் முள்ளை வரவழைத்து, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்தாள். நடுவில் முதுகெலும்பு போல ஒரு இரும்பு உத்தரம். அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் விலாக்கள், பக்கத்துக்கு இருபத்திரண்டு. எல்லாம் இரும்புக் குழாய்கள். மேலே வெள்ளைத் துணிக்கூரை. ஐம்பது மீட்டர் குளத்துக்கு மேல் ஒரு தூண் கிடையாது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பாக்கி இருந்தது எடைச் சோதனை மட்டும்தான். விலாக்களில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட வேண்டும். ஒரு நாள் கழித்து இறக்கியதும் அவை பழைய இடத்துக்குத் திரும்பினால் ஸாதனா கையெழுத்துப் போடுவாள். அடுத்த மாதம் திறப்பு விழா. முதல் போட்டியில் நீந்தப் போகிறவர்களில் அவள் மகள் அதிதியும் ஒருத்தி. பன்னிரண்டு வயது. வீட்டில் வேறு பேச்சே இல்லை.

மத்தியானம் 2:10. மூட்டைகளை இறக்கிவிட்டு ஆட்கள் சாயா குடிக்கப் போயிருந்தார்கள். கீழே மேற்பார்வையாளர் முனீர் மட்டும். ஸாதனா சாரத்தில் ஏறி, ஏழாவது விலாவுக்கு அடியில் பொருத்தியிருந்த அளவுக் கருவியைப் பார்த்தாள். ஊசி சரியாகப் பழைய இடத்தில் நின்றது. நிம்மதியாக இருந்தது.

2:14. ஊசி நகர்ந்தது. விலா இரண்டு மில்லிமீட்டர் மேலே போனது. பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது... இறங்கியது... கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

“முனீர், மேல யாராவது நிக்கறாளா?”

“ஆரும் இல்ல மேடம்.”

காற்றும் இல்லை. துணிக்கூரை அசையவில்லை.

2:17. நாற்றம் வந்தது. மூன்று நாள் வெயிலில் கிடந்த இறால் தொலியின் நாற்றம். சூடாக முகத்தில் அடித்தது. விலா இறங்கும்போது வந்தது. ஏறும்போது போனது. இறங்கும்போது... ஏறும்போது...

தடுமாறி விலாவைப் பிடித்தாள். பெயின்டுக்கு அடியில் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினால் அமுங்கியது.

டொப்.

மணிக்கட்டில் ஒரு சொட்டு. குளத்து ஆவிதான் குளிர்ந்து சொட்டுகிறது என்று நினைத்தாள். கொச்சியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சந்தேகமான தண்ணீர் என்றால் நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பார்கள். காயலின் உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும். இருபது வருஷப் பழக்கம். யோசிப்பதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது.

சீ!

கொழகொழவென்று இருந்தது. வெதுவெதுப்பு. லேசான தித்திப்பு. உதட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே நூலாக இழுத்தது. அறுபடவே இல்லை.

அப்போதுதான் கீழே பார்த்தாள். குளத்தில் இன்னும் ஒரு பொட்டுத் தண்ணீர் விடவில்லை.

சாரத்திலேயே வாந்தி எடுத்தாள்.

டொப்... டொப்...

குடிக்கிற பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினாள்.

கையெழுத்துப் போடவில்லை. வேறொருவர் போட்டார். அரங்கம் திறந்தது.

“எல்லாரும் போறா. நான் மட்டும் போகப்படாதா?” என்று அதிதி அழுதாள்.

“போகப்படாது.”

அதோடு அதிதி அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அரங்கம் திறந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை 4:05. இடக்கொச்சியில் பாட்டிலைக் கொடுத்திருந்த சோதனைக்கூடத்திலிருந்து சங்கர்ராம் போனில் கூப்பிட்டான்.

“சேச்சி, இது தண்ணியும் இல்ல, எண்ணெயும் இல்ல. துப்பலாக்கும். வாயில ஊறுற எச்சில்.”

“எதோட எச்சில்?”

“அறிஞ்சூடா, தெரியல. எங்ககிட்ட உள்ள ஒரு சாம்பிளோடயும் சேரல்ல.”

நாக்கில் அந்தத் தித்திப்பு திரும்ப வந்தது. 4:09. அரங்கிலேயே பராமரிப்பு வேலைக்குத் தங்கிவிட்ட முனீரைக் கூப்பிட்டாள்.

“முனீர், இப்பவும் சொட்டறதா?”

“காலையில பெரியவங்க பேட்ச் மேடம். அன்னிக்கு மாதிரி இல்ல, அப்போ ஒரு சொட்டு வராது. நாலு மணிக்குக் குட்டிகள் இறங்கினாத்தான் சொட்டும்.” அவன் குரலுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். “இன்னிக்கு அதிதியும் வந்திருக்கா. மேடம் சொல்லித்தான் வந்தாள்னு நினைச்சேன்...”