மனசுல தோணுறதைச் சொல்லுங்க

நம்பினால் நம்புங்கள். இது என் அண்ணிக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஆட்கள் நிறைந்த ஆபீசில்.

அண்ணிக்கு வெப்சைட்டுகளைச் சோதிக்கும் வேலை. புதிதாக ஒன்று வந்தால் வெளியாட்களை வரவழைத்து உட்காரவைத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். அன்று ஓர் ஆஸ்பத்திரியின் வெப்சைட். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் ஆஸ்பத்திரிக்காரர்களும் ஸ்பீக்கரில் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

வந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். கூட வந்த தங்கை வெளியே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கணும்மா. மனசுல தோணுறதையெல்லாம் சத்தமா சொல்லிட்டே செய்யுங்க," என்றார் அண்ணி. எல்லோரிடமும் சொல்வதுதான். சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் தலையாட்டினார். திரையில் அம்புக்குறி அலைந்தது... பட்டனைத் தாண்டிப் போனது... திரும்பி வந்தது... மறுபடி தாண்டியது.

"இவ்ளோ பெரிய பட்டன். கண்ணு எங்க போச்சு இதுக்கு?"

தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார் என்று எழுதப்போன அண்ணியின் பேனா நின்றது. அந்த நொடி அவர் மனதுக்குள் ஓடியதும் அதே சொற்கள்தான்.

"இந்த மாதிரி ஆளுங்களை எங்கேர்ந்துதான் பிடிச்சிட்டு வர்றாங்களோ."

அதுவும் அண்ணி நினைத்தது.

காது சூடேறியது. எதையும் நினைக்கக் கூடாது என்று...

"எதையும் நினைக்கக் கூடாது."

டக். மவுஸ் சத்தம்.

அந்த அம்மாள் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குடிக்கும்போதும் குரல் நிற்கவில்லை.

"வெப்சைட்டே குப்பை. நல்லா இருக்குன்னுதான் எழுதித் தரப்போறேன். மேனேஜர் அப்படித்தானே சொன்னாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"எங்கம்மாவும் இப்படித்தான் திணறுவாங்க. உனக்கெல்லாம் இது எதுக்குன்னு போனைப் பிடுங்கி வச்சேன். அழுதாங்க."

"போதும்..." அண்ணி எழுந்துவிட்டார்.

குரல் நின்றது.

அந்த அம்மாள் திரும்பிச் சிரித்தார். பட்டன் கிடைத்துவிட்ட சந்தோஷம், வேறொன்றுமில்லை.

வழியனுப்ப வாசல்வரை போன அண்ணி, தலை நிமிராமலே தங்கையிடம் சொன்னார். "உங்க அக்கா பேசினதை வெளியில யார்கிட்டயும்..."

தங்கை விழித்தார். "அக்காவா? தொண்டையில ஆபரேஷன் ஆனதிலேர்ந்து அவளுக்குக் குரலே கிடையாதும்மா. எழுதித்தான் காட்டுவா. போன்ல உங்ககிட்டதானே சொன்னேன்?"

சொல்லியிருக்கிறார். காதில் வாங்காமல் "சரி சரி" என்று போனை வைத்தது அண்ணிதான்.

தனக்கு மட்டும் கேட்ட பிரமை என்று தேற்றிக்கொண்டு உள்ளே திரும்பினார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் அருகில் வந்து மெல்லிய குரலில் கேட்டார்.

"நான் உங்ககிட்ட தனியாச் சொன்னது... அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சது?"