நேற்றைய வெயில்

அடைமழை விட்டு வெயில் எறித்த இரண்டாம் நாள், கல்முனையிலிருந்து நண்பர்களோடு மட்டக்களப்பு வாவியில் படகோட்டப் போயிருந்தேன். மாதா கோயிலடி மரநிழலில், முகப்பழக்கமான மருதமுனை நெசவாளி ஒருவர் நின்றார். சாயமேறி நீலமான விரல்களை, நூல் காய்ந்ததா என்று பார்ப்பவர்போல் ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல வெயில் காக்கா, படகில வாங்களன்” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டேன்.

“ஓம் தம்பி, நல்ல வெயில்தான். நேத்தும் இப்படித்தான் எறிச்ச. மகளுக்குக் காய்ச்சல். சாயம் போட்ட நூல் பழுதாப் போயிரும் எண்டு, நேத்து அதக் காயவெச்சிட்டு இண்டைக்குத்தான் இந்தா, பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த. ஒரு நாள் முந்தி வந்திரிக்கணுமாம். புள்ள உசிர் போய் மௌத்தாப் போயிட்டா. மையித்தக் கொண்டுபோகக் காருக்கு நிக்கன்.”

படகிலிருந்து நண்பர்கள் கூப்பிட்டார்கள். நான் போய் ஏறிக்கொண்டேன். நடுவாவியிலிருந்து திரும்பிப் பார்த்தபோதும் அவர் விரல்களைத் தேய்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஏன் ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.