மேரி மேட்டு டிராக்டர்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், இந்த அயர்லாந்து ஊரில் சில வாரம் பழைய டிராக்டர்கள் வரிசையாகப் போகும். பின்னால் கலப்பை கிடையாது, டிரெய்லர் கிடையாது. முதல் தடவை பார்த்தபோது போராட்டம் என்றே நினைத்தேன். நம் பக்கம் டிராக்டர் வரிசையாகப் போனால் ஒன்று மறியல், இல்லை மாநாடு. விசா வேறு புதிது. சுவரோரம் ஒதுங்கி நின்று, என் பண்ணை முதலாளி பேட்ரிக்கிடம், "என்ன கோரிக்கை?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. சும்மா ஒரு சுற்று போகிறார்கள் என்றார்.

பேட்ரிக்கிடமும் ஒன்று இருக்கிறது, அவர் அப்பா ஓட்டியது. அதே பழைய நீலத்தில்தான் பெயிண்ட் வேண்டுமென்று ஊர் ஊராக அலைந்தாராம். இருக்கையின் தையல்கூட அந்தக் காலத்து மாதிரி. ஓர் இரும்புக்கு இவ்வளவு மரியாதை செய்கிறவரை நான் பார்த்ததேயில்லை என்று எழுத வந்தேன். அப்படி எழுதினால் என் அக்கா சும்மா விடமாட்டாள்.

எங்கள் வீடு நன்னிலம் பக்கம். அப்பா போன பிறகு அவருடைய டிராக்டர் வைக்கோல் போரோடு கிடந்தது. கோழி அதில் முட்டையிட்டது. ஆரோக்கியமேரி அக்காதான் அதை எழுப்பினாள். அவள் ரிப்பேரில் பழைய மாதிரி என்ற பேச்சே இல்லை. ரேடியேட்டர் ஏதோ லாரியினுடையது. இருக்கை, காலை அறுத்துக் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி. செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. உருட்டி ஸ்டார்ட் செய்யலாமென்றால் எங்கள் ஊரில் சரிவு ஏது? தாம்பாளம் மாதிரி பூமி. அதனால் வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து வைப்பாள். காலையில் கல்லை எடுத்தால் உருண்டு வந்து பிடித்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு ஊரில் 'மேரி மேடு' என்றே பெயராகிவிட்டது.

இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், சேற்று உழவுக்கென்று எப்போதும் வரும் வாடகை டிராக்டர்காரர்கள் நாளைக்கு, நாளன்னைக்கு என்று இழுத்தார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் நட்டும் தூர் கட்டாது, போகமே போய்விடும். அக்கா அப்பாவின் டிராக்டரோடு தானே சேற்றில் இறங்கினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்சக்கரம் புதைந்தால் முன்பக்கம் தூக்கி ஆளோடு கவிழ்ந்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

காலைக் கறவை முடிந்ததும் கொட்டகை வாசலில் நின்று வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே உச்சி வெயில். அக்கா புருஷன், எங்கள் மாமா, வரப்பில் நின்று போனைப் பிடித்திருந்தார். டிராக்டர் வரப்போரம் திரும்பும்போது கத்தினேன்.

"அக்கா, எறங்கிடு. முன்னாடி தூக்குது."

"தூக்கலடா தம்பி. ஒங்க மாமா போனச் சாய்ச்சுப் புடிச்சிருக்காரு."

பேட்ரிக் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். திரையில் கரும்புகை. "ஷி இஸ் டயர்ட்," என்றார். எட்டாவதோடு நின்றவன் நான். ஆனாலும் 'ஷி' என்றால் பொம்பளை என்று தெரியும். சுருக்கென்றது. "மை சிஸ்டர் நோ டயர்ட்," என்றேன். அவர் பதறிப்போய்த் திரையில் டிராக்டரைத் தொட்டுக் காட்டினார். இங்கே டிராக்டர் பெண்பாலாம். அடுத்த சுற்றில் அதை அக்காவிடம் சொன்னேன்.

"பொம்பளையா? அதான் நான் சொன்னா கேக்குது. ஒங்க மாமாகிட்ட மக்கர் பண்ணும்."

"எங்கிட்ட எதுதான் கேட்டுச்சு மாப்ள," என்றார் மாமா.

அப்புறம் நடுவயலில் ஒரு பள்ளம். இன்ஜின் முக்கியது, ஒரு சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பேட்ரிக் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கே சொல்வதுபோல் "ஈஸி, ஈஸி" என்றார். அக்கா உறுமவிடவில்லை. கிளட்சை மெல்ல விட்டு, வந்த தடத்திலேயே பூனை மாதிரி பின்வாங்கினாள். பள்ளத்தைச் சுற்றிப் போய் மிச்சத்தையும் உழுது முடித்தாள். பேட்ரிக் தொப்பியைக் கழற்றினார். பூசைக்குத் தவிர அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு நடவு," என்றாள் அக்கா. இன்ஜினை அணைக்கவில்லை, அணைத்தால் சேற்றில் யார் தள்ளுவது? மாமாவிடமிருந்து போனை வாங்கி, பானட்டின் மேல் மல்லாக்க வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அந்த அதிர்வில் என் திரையில் வானம் நடுங்கியது, கொக்குகள் குறுக்கே போயின. இங்கே தூறல் பிடித்துக்கொண்டது. என் உள்ளங்கையில் நன்னிலத்து வெயில், அதன்மேல் இந்த ஊர் மழை. சட்டையால் துடைத்தேன். துடைத்த இடத்தில் வானம் தெளிந்து, மறுபடி நனைந்தது.