புல் மூடிய தடம்

பொன்னாயிக்கு மாட்டுச் சாணி கொடுத்தவன் நான்தான். மலைமேல் லவ்டேல் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவன். சாணிக்கும் இப்படி ஒரு மரியாதை வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள் அவள். கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைக்குக் களைமருந்து அடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். தேயிலை விலை விழுந்தது, சம்பளம் நின்றது, கடைசியில் ஃபேக்டரியையும் பூட்டினார்கள். மகன் விமலைக் கூட்டிக்கொண்டு இங்கே ஒரு பங்களாவில் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

பங்களாக்கார அம்மா சென்னையில் டாக்டர். சீசனுக்கு மட்டும் வருவார். புல்வெளிக்கு இனி யூரியாவும் வேண்டாம், களைமருந்தும் வேண்டாம், பேரப்பிள்ளைகள் தவழ்கிற இடம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பொன்னாயி என்னிடம் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

"எங்க புள்ளைங்களும் மருந்தடிச்ச மலையிலதான் தவழ்ந்துச்சுங்க அண்ணே. அப்ப ஒருத்தரும் வேணாமுன்னு சொல்லலியே."

சொன்னாளே தவிர, வேலையில் குறை வைக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கத்தியால் களையை வேரோடு தோண்டினாள். மக்கிய சாணியையும் இலைச் சருகையும் சலித்துத் தூவினாள். யூரியாவில் வளர்ந்த புல் கொஞ்ச நாள் மஞ்சளாகி முரண்டு பிடித்தது, பிறகு வழிக்கு வந்தது. நான் மாட்டைப் பார்ப்பதைவிட நீங்கள் புல்லை நன்றாகப் பார்க்கிறீர்கள் என்று கேலி செய்வேன். அந்தப் புல்லில் வேலைக்காரர்கள் கால் வைக்கக் கூடாது, வேலியோரமாகச் சுற்றித்தான் போக வேண்டும். அதெல்லாம் பங்களாச் சட்டம்.

விமலுக்கு இங்கே வேலை அமையவில்லை. மார்கழியில் ஒரு விடியற்காலை திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினான். உறைபனி விழுந்து புல்வெளி வெள்ளையாகக் கிடந்தது. வளைவில் பஸ் சத்தம் கேட்டதும் பொன்னாயி பதறி, குறுக்கே ஓடு என்றாள். ஓடினான். உறைந்த புல்லை மிதித்தால் கருகிவிடும் என்பது உறைபனி விழாத கூடலூரில் வாழ்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? வழக்கம்போல வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்து மற்ற இடத்தைக் காப்பாற்றிவிட்டாள். அவன் மிதித்த இடங்கள் மட்டும் கருகின. அவள் தங்கியிருந்த அறையிலிருந்து வாசல் கேட் வரைக்கும் வரிசையாகக் காலடிகள்.

பங்களா அம்மா பார்த்தால் வேலை போய்விடும் என்று பயந்தாள். ஒரு பிடி யூரியா போடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். தவழ்கிற பிள்ளைகள் என்று மறுத்துவிட்டாள். சாணியைக் கரைத்து வடிகட்டி ஒவ்வொரு தடத்துக்கும் ஊற்றினாள்.

விமல் பக்கத்து டீக்கடைக்கு ஒரே ஒரு முறை போன் செய்தான். அப்புறம் பேச்சே இல்லை. பொங்கலுக்கும் வரவில்லை. மாசி கழிந்ததும் பொன்னாயி திருப்பூர் போய் விசாரித்தாள். அவன் அங்கிருந்து எப்போதோ நின்றுவிட்டான், எங்கே போனான் என்று தெரியாது என்று கையை விரித்துவிட்டார்கள். செத்தான் என்றாலும் அழுது தீர்க்கலாம். இதற்கு என்ன செய்வது?

திரும்பி வந்தவள் சாணி வேண்டாம் என்றாள். ஏன் என்று பார்க்கப் போனேன். கருகிய தடங்களில் துளிர்த்த நல்ல புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அது களையுங்களா?" என்றேன்.

"புல்லுதான் அண்ணே. மூடிக்கிட்டு வருது. அவன் கடைசியா நடந்த எடம் இதுதானே."

கோடை மழை வந்துவிட்டது. ஒருத்தி இரண்டு கையால் எத்தனைதான் பிடுங்குவாள்? ஒவ்வொரு தடமாக மறைந்து, கேட்டை ஒட்டி ஒன்றுதான் மிஞ்சியது. ஓட்டத்தை நிறுத்தி ஊன்றிய கால். அதைச் சுற்றி ஒரு துளிர் விடாமல் காத்தாள்.

சீசனுக்கு அம்மா வந்தார். கெட்டவர் இல்லை. புல் அருமையாக இருக்கிறது என்று பாராட்டினார். கேட்டருகே மட்டும் ஏன் சொட்டையாக இருக்கிறது, மண்ணோடு ஒரு புல் பத்தை வெட்டி வைத்துவிடு என்றார். விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பொன்னாயி கண்ணாலேயே தடுத்தாள். வேலைக்கு ஆகாதவள் என்று அனுப்பிவிட்டால்? விமலுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். அவன் திரும்பி வரும்போது அவள் இங்கே இருந்தாக வேண்டும்.

பின்பக்கம் போய்ப் பத்தை வெட்டி வந்தாள். தடத்தின் மேல் வைத்தாள், தண்ணீர் ஊற்றினாள். அப்புறம் மிதித்துவிட வேண்டும், அப்போதுதான் வேர் பிடிக்கும். அவள் மண்டியிட்டு உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே இருந்தாள். அம்மா வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதிச்சு உடுங்க, கையில அமுக்குனா புடிக்காது" என்றேன் மெதுவாக.

"அது மேல நான் எப்புடிண்ணே காலை வெப்பேன்?" என்றாள்.