ஆண்டெனாவுக்குக் கவிழ்த்த போசி

கொல்லிமலைக்குக் கம்பியில்லாத் தொலைபேசி வந்த புதிது. மலைமேல் குண்டூர் நாடு என்னும் பகுதியில் ஒரு மிளகுத் தோட்டத்து ஓரத்தில் நின்ற கோபுரம் என் பொறுப்பு. ஒரு நாள் அது வேலை செய்யவில்லை என்றார்கள். வளைவு வளைவாகப் பஸ்ஸில் ஏறி, யாரைத் திட்டலாம் என்ற யோசனையோடு போய்ச் சேர்ந்தேன்.

கருவி அறையில் கரண்ட் இருந்தது. நேரம்தான் இல்லை. அந்த வகைக் கோபுரங்களெல்லாம் ஒரே நேரத்தைப் பிசகாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நொடியைப் பல லட்சமாகப் பிரித்தாலும் வித்தியாசம் வரக் கூடாது. அந்த நேரத்தைச் செயற்கைக்கோள்களிடமிருந்து வாங்கத்தான் அறைக் கூரைமேல் காளான் மாதிரி ஒரு வெள்ளை ஆண்டெனா. அதற்கு வானம் தெரியாவிட்டால் உள்ளிருக்கும் கடிகாரம் சில மணி நேரம் ஒப்பேற்றும். அப்புறம், மற்ற கோபுரங்களைக் குழப்ப வேண்டாமென்று இது தானாகவே நின்றுவிடும்.

ஏணி வைத்து ஏறினேன். ஆண்டெனாவைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓர் அலுமினியப் போசி, சோறாக்கும் பாத்திரம், கவிழ்ந்திருந்தது. பறக்காமலிருக்க மேலே ஒரு கல் வேறு.

"யாருங்க இந்தப் போசியக் கவுத்தது?" என்று கத்தினேன்.

கோபுரம் நின்ற இடத்துக்குச் சொந்தக்காரர் வீட்டு அக்கா ஓடி வந்தார். "நான்தானுங்க சார். முந்தாநேத்து ராத்திரி ஆலங்கட்டி மழைங்க. மொளகு நாத்துக்கெல்லாம் கூடை கவுத்தனுங்க. இது மட்டும் மொட்டையா நிக்குதேன்னு..."

சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படித்த திமிர், விளக்கமும் சொன்னேன். போசி வானத்தை மறைத்தது, கோபுரத்துக்கு நேரம் தப்பியது, அதனால்தான் நேற்றுக் காலையிலிருந்து இந்தப் பக்கம் ஒருவருக்கும் போன் வரவில்லை என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. மகளைத் தலைப்பிரசவத்துக்குச் சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நாள் இன்னும் இருக்கிறது என்று மாடுகன்றைப் பார்க்க இவர் தங்கிவிட்டார். வலி கண்டதும் போன் வரும், அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடலாம் என்று நேற்றெல்லாம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

போசியை எடுத்த பிறகும் செயற்கைக்கோள்களைப் பிடிக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் அக்கா எனக்கு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கருவியின் விளக்கையே பார்த்திருந்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுப் போன் அடித்தது. பின்னாலேயே போய் நின்ற எனக்கும் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, பையன். நேத்து சாயந்தரம் பொறந்தான்."

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "நல்லா இருக்கியா கண்ணு? ரொம்ப வலிச்சுதா?"

"நேத்துப் பொழுதுக்கும் உனக்குப் போன் அடிச்சேன், போவவே இல்ல. எப்படியும் நீ வந்துருவீன்னு கதவையே பாத்துட்டு இருந்தேம்மா."

அக்கா என்னைப் பார்த்தார். காரணத்தை அத்தனை தெளிவாகச் சொல்லிவைத்த என் வாயை நினைத்து எனக்கே வெறுப்பாக இருந்தது. ரிசீவரை வாங்கினேன்.

"ஏனுங்க, டெலிபோன் ஆபீஸ்லருந்து பேசறனுங்க. எங்க மெசின் கெட்டுப்போச்சுங்க. அம்மா மேல தப்பே இல்லீங்க. இப்ப அடுத்த பஸ்ஸுக்கு அவங்கள நானே கூட்டிட்டு வாரேன்."

மாட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிவிட்டு அக்கா கிளம்பினார். நானும் கூடவே பஸ் ஏறினேன். அடிவாரத்தில் பஸ் நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"நெசத்த அவகிட்ட நானே சொல்லிக்கறன் தம்பி," என்றார்.