கடல் பூதம் எடுத்த ஜூலியட்

மகள் ஜூலியட் பங்க் பேண்டில் பாடுகிறாள் என்று மர்சலின் டீச்சர் சொன்னதும், பக்கத்து வீட்டு மரியதாஸ் சந்தோஷமாக, "எந்தப் பங்கு? நம்ம கோயில் பங்கா?" என்று கேட்டார். சாந்தோமில் பங்கு என்றால் மாதா கோயிலும் அதன் மக்களும்தான். இது கிடார் அலற, தொண்டை கிழியக் கத்துகிற இசை என்று விளக்குவதற்குள் டீச்சருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜூலியட்டுக்கு முதலில் பிடித்தது என்னவோ சினிமாதான். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அம்மாவின் போனிலேயே ஒரு படம் எடுத்தாள். கடலிலிருந்து ஒரு பூதம் எழுந்து வந்து கணக்குப் பரீட்சையை நிறுத்திவிடுகிறது. அதுதான் கதை. பூதம், தம்பி ஆண்ட்ரூ. மீனவர் குப்பத்தில் கேட்டு வாங்கிய கிழிந்த மீன்வலையை அவன்மேல் சுற்றி, முகத்தில் பச்சைப் பெயின்ட் அடித்தாள்.

"இன்னாக்கா, இப்டி நாறுது?"

"பூதம்னா நாறும்டா. நட."

மீன் வாசனைக்குக் கடற்கரை நாய்கள் கூடிவிட்டன. ஆண்ட்ரூ அலறிக்கொண்டு ஓட, ஜூலியட் படம் எடுப்பதை நிறுத்தாமல் பின்னாலேயே ஓடினாள். படத்தில் உருப்படியாக அமைந்த காட்சி அது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸ் விழாவில் கோயில் மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். திரையில் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. எல்லோரும் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். ஜூலியட்டுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேடையேறி, பூதம், படத்தில் வரும் கணக்கு டீச்சர், நாய் எல்லாவற்றுக்கும் தானே குரல் கொடுத்துக் கத்தினாள். ஆண்ட்ரூ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துத் தாளம் போட்டான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. நாய் காட்சியை இரண்டாம் முறை போடச் சொன்னார்கள்.

மறுநாள் வீட்டில் சத்தத்தோடு போட்டுப் பார்த்தபோது படம் சப்பென்று இருந்தது. கைதட்டல் படத்துக்கு இல்லை, தன் தொண்டைக்குத்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மொட்டை மாடியில் போய் மறுபடியும் கத்திப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

கல்லூரியில் டிரம்ஸ் வாசிக்கும் ஷண்முகப்ரியா கிடைத்தாள். இருவரும் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்தார்கள். போன மாதம் ஆழ்வார்பேட்டையில் கச்சேரி. டீச்சர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வார்த்தை புரியலடி. ஆனா எழுந்து போக மனசு வரல" என்றார்.

பேண்டின் வீடியோக்களை இப்போதும் ஜூலியட்தான் எடுக்கிறாள். பெருங்குடியில் வேலை பார்க்கும் ஆண்ட்ரூ ஞாயிற்றுக்கிழமைகளில் லைட் பிடிக்க வருகிறான். புதுப் பாட்டின் வீடியோவில் மர்சலின் டீச்சர்தான் போலீஸ் இன்ஸ்பெக்டர். வசனம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் நடை சரியாக வரவில்லை, இன்னொரு டேக் போகலாம் என்கிறார்.